மலிவு மூட்டையும் நீர்த்த கிழங்கும்

45 கிலோ யூரியா மூட்டை ஒன்று 266 ரூபாய் 50 காசு. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய். 50 கிலோ பொட்டாஷ் மூட்டை 1,500 ரூபாய்க்கும் மேலே. ஒரே கடையில், ஒரே தராசில், ஒரே மண்ணுக்குப் போகின்ற மூன்று சத்துக்களின் விலை இது. ஒன்று தரையிலே கிடக்கிறது. மற்ற இரண்டும் கூரையிலே தொங்குகின்றன. நீலகிரி மலையிலே விளையும் உருளைக்கிழங்கின் தரத்தை இன்று இந்த விலைப் பட்டியல்தான் தீர்மானிக்கிறது என்றால் தோழர்கள் சிலர் வியப்படையலாம். விளக்கிச் சொன்னால் வியப்பு போய்விடும், கோபம் வரும்.

"உழவன் அளவறியாதவன், யூரியாவை அள்ளிக் கொட்டுகிறான், மண்ணைக் கெடுக்கிறான், கிழங்கைக் கெடுக்கிறான்" என்று மாநாட்டு மண்டபங்களிலே பேசுகிறார்கள். கொட்டுகிறான் என்பது உண்மைதான்; மறுப்பதற்கில்லை. ஏன் கொட்டுகிறான் என்று கேட்க மட்டும் அந்த மண்டபங்களிலே நேரம் இருப்பதில்லை. நாம் கேட்டுப் பார்ப்போம்.

"ஆலையிலே பாடுபடும் எனக்கு உருளைக்கிழங்கு உரத்திலே என்ன வேலை?" என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. டில்லி சர்க்கார் 2025-26 வரவு செலவுத் திட்டத்திலே உர மான்யத்துக்கென ஒதுக்கிய தொகை ஏறத்தாழ 1 இலட்சத்து 67 ஆயிரம் கோடி ரூபாய். சோப்புக் கட்டி முதல் செருப்பு வரை வாங்கும் ஒவ்வொன்றிலும் அந்தத் தோழர் கட்டும் வரி அதிலே கலந்திருக்கிறது. அந்தத் தொகையிலே யூரியாவுக்கு மட்டும் ஏறத்தாழ 1 இலட்சத்து 19 ஆயிரம் கோடி. மணிச்சத்து, சாம்பல் சத்து முதலிய மற்றவற்றுக்கெல்லாம் சேர்த்து 49 ஆயிரம் கோடி. இப்படிப் பங்கு போட்டவர்கள் கிழங்குச் செடியைக் கேட்டா போட்டார்கள்? இல்லை. அதன் பலன் வந்து சேருமிடம் அந்தத் தோழரின் வீட்டு அடுப்படி. வாங்கி வந்த இரண்டு கிலோவிலே கால் பங்கை அழுகலென்று வெட்டி எறிகிறபோது, அது யாரோ செய்த தவறென்று எண்ணி விலைக்காரனைத் திட்டிவிட்டு நாம் விட்டுவிடுகிறோம்.

முதலில் செடியின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். உருளைக்கிழங்கு வேரிலே காய்ப்பதல்ல. மண்ணுக்குள்ளே ஓடும் தண்டின் நுனி பருத்துத்தான் கிழங்காகிறது. நுனி எப்போது பருக்கும்? மேலே இலை தழைப்பதைச் செடி சற்று நிறுத்தி, இலையிலே சமைத்த மாவைக் கீழே அனுப்ப முற்படும்போது! தழைச்சத்து, பெயருக்கேற்ப, தழையை வளர்ப்பது. அது குறைந்தால் இலை வெளுத்துச் சிறுத்து, மாவு சமைக்க ஆளில்லாமல் போகிறது. அது மிகுந்தால் செடி தழைப்பதை விட மனமில்லாமல் மேலே மேலே வளர்ந்துகொண்டே போகிறது. கீழே கிழங்கு கட்டுவது தள்ளிப் போகிறது.

இது அனுபவசாலிகள் வாய்மொழியாகச் சொல்வது மட்டுமல்ல. ஜெர்மனியிலே ஹோர்ஸ்ட் மார்ஷ்னர் என்ற பயிர் ஊட்ட அறிஞரும் அவர் குழுவினரும் 1970களிலே மண்ணில்லாமல் சத்து நீரிலே உருளைச் செடியை வளர்த்துச் சோதித்தார்கள். இடைவிடாது தழைச்சத்து ஊட்டிய வரை செடி கிழங்கு கட்டவில்லை. ஊட்டுவதை நிறுத்தினார்கள், சில நாட்களிலே நுனி பருக்கத் தொடங்கியது. மறுபடி ஊட்டினார்கள், பருத்துக்கொண்டிருந்த கிழங்கு வளர்ச்சியை நிறுத்தி, அதன் நுனியிலிருந்து மீண்டும் தண்டு ஓடியது! நம் வயலிலே கிழங்கோடு கிழங்கு ஒட்டிக் கோணல் மாணலாக வருகிறதே, அதற்குரிய காரணங்களிலே இதுவும் ஒன்று. காலம் தப்பி மழையும் உரமும் சேர்ந்து வந்தால் செடி இப்படித்தான் தடுமாறுகிறது.

பச்சைப் பசேலென்ற வயலைப் பார்த்து மயங்குவோர் கவனிக்க வேண்டிய இடம் இது. நெல்லிலே கதிரைக் கண்ணால் பார்க்கலாம். கத்தரியிலே காயைக் கையால் தொடலாம். உருளைக்கிழங்கிலே பச்சை மட்டும் வெளியே தெரிகிறது. பலன் மண்ணுக்குள் மறைந்திருக்கிறது. யூரியா போட்ட சில நாட்களிலே இலை கருகருவென்று நிறம் மாறும். பொட்டாஷ் போட்டால் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. எதை நம்புவான் உழவன்?

அளவு மிஞ்சிய தழைச்சத்து கிழங்குக்குச் செய்வதென்ன? கிழங்கு முற்றத் தாமதமாகிறது. முற்றாததைத் தோண்டினால் தோல் கட்டியிருக்காது. மூட்டையிலே உரசினாலே உரிந்துவிடும். உரிந்த இடத்திலே அழுகல் நுழையும். உலர் பொருள் குறைந்து நீர் மிகும். வேகவைத்தால் மாவாக உதிர வேண்டிய கிழங்கு சொதசொதவென்று போகும். பெரிய கிழங்கு திடீரென்று பருப்பதால் நடுவிலே பொள்ளல் விழுவதும் உண்டு. வெட்டிப் பார்க்கிற வரை வெளியே தெரியாது. செடி அடர்ந்து தழைத்தால் உள்ளே காற்று புகாமல் ஈரம் தங்கும். பின்பருவக் கருகல் நோய்க்கு அதைவிட நல்ல விருந்து வேறில்லை. 1845இல் அயர்லாந்து நாட்டைப் பட்டினியிலே தள்ளிய அதே நோய்தான் அது. நீலகிரியின் மூடுபனியிலும் அது விடாமல் குடியிருக்கிறது. உரத்துக்குச் செலவிட்டவன் அதன் பிறகு பூஞ்சாண மருந்துக்கும் செலவிட வேண்டும்.

சிப்ஸ் ஆலைக்காரர்கள் இவற்றையெல்லாம் நன்றாக அறிந்தவர்கள். கிழங்கை நீரிலே நிறுத்து அடர்த்தி பார்த்து, நூற்றுக்கு 20 பங்காவது உலர் பொருள் இருந்தால்தான் எடுத்துக்கொள்கிறார்கள். நீர் மிகுந்த கிழங்கு எண்ணெயைக் குடிக்கும். முற்றாத கிழங்கிலே சர்க்கரை நின்று பொரித்தால் கருகும். 2002இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் பொரித்த கிழங்கிலே அக்ரிலமைடு என்ற கேடான பொருள் உண்டாவதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். கிழங்கிலே உள்ள சர்க்கரையும் அஸ்பராஜின் என்ற பொருளும் சூட்டிலே கூடும்போது அது பிறக்கிறது. தழைச்சத்து மிகுந்தால் அந்த அஸ்பராஜினும் மிகுகிறது. வயலிலே போட்ட ஒரு மூட்டை எங்கே போய் முடிகிறது பாருங்கள்!

சரி, அளவுதான் என்ன? மலைப் பகுதிக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு, ஹெக்டேருக்குத் தழைச்சத்து 120 கிலோ, மணிச்சத்து 240 கிலோ, சாம்பல் சத்து 120 கிலோ. 15 டன் தொழு உரம் இதற்கு மேலே. பாதியை நடும்போது போட வேண்டும். மீதியை முப்பதாம் நாள் மண் அணைக்கும்போது. மணிச்சத்து இரட்டிப்பாக இருப்பதற்குக் காரணம் மலையின் புளிப்பு மண். போட்ட மணிச்சத்திலே பெரும்பகுதியை அந்த மண்ணே பிடித்துவைத்துக்கொள்கிறது.

இதை ஏக்கர் கணக்கிலே மூட்டையாக்கிப் பார்ப்போம். எத்தனை பேர் இதைச் செய்து பார்த்தார்கள் என்பது எனக்கு ஐயம். ஏக்கருக்குத் தழைச்சத்து ஏறத்தாழ 48 கிலோ. மணிச்சத்து 97 கிலோ வேண்டும், அதை டி.ஏ.பி.யாகப் போட்டால் நாலேகால் மூட்டை. ஆனால் டி.ஏ.பி.யிலே நூற்றுக்கு 18 பங்கு தழைச்சத்தும் இருக்கிறதல்லவா? அந்த நாலேகால் மூட்டையோடு 38 கிலோ தழைச்சத்து தானாகவே வந்துவிடுகிறது. பாக்கி 10 கிலோ. அதற்கு வேண்டிய யூரியா? அரை மூட்டை! ஆம் தோழர்களே, அரை மூட்டை. அதற்குப் பதிலாக இரண்டு மூட்டை போட்டால் செடிக்குப் போய்ச் சேரும் தழைச்சத்து 79 கிலோ ஆகிறது. சொன்ன அளவிலே ஒன்றரை மடங்குக்கும் மேலே. கலப்பு உரம் போடுகிறவருக்கும் கணக்குப் போடும் முறை இதுதான். மூட்டையின் மேலே அச்சிட்ட மூன்று எண்களிலே முதல் எண் தழைச்சத்து. அதைக் கழித்துவிட்டுத்தான் யூரியாவின் பக்கம் போக வேண்டும்.

சாம்பல் சத்துக்கு ஏக்கருக்கு 81 கிலோ பொட்டாஷ், அதாவது ஒரு மூட்டையும் 31 கிலோவும். இலையிலே சமைத்த மாவைக் கிழங்குக்குக் கொண்டு சேர்ப்பதிலே பெரும்பங்கு இதற்குத்தான். ஒரு டன் கிழங்கு மண்ணிலிருந்து எடுத்துப் போகும் சத்துக்களிலே தழைச்சத்தைவிடச் சாம்பல் சத்தே மிகுதி. (பொட்டாஷிலும் குளோரைடு வகையைவிடச் சல்பேட் வகை கிழங்கின் தரத்துக்கு ஏற்றது, அதன் விலையைச் சொன்னால் உழவன் கடைப் படியே ஏறமாட்டான்.)

இப்போது விலைக்கு வருவோம். விவகாரத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. 2010 ஏப்ரலுக்கு முன்பு மூன்று உரங்களுக்கும் சர்க்காரே விலை கட்டியிருந்தது. ஒரு டன் யூரியா 4,830 ரூபாய். ஒரு டன் பொட்டாஷ் 4,455 ரூபாய். மூட்டையை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் சத்தின் விலையைப் பாருங்கள். யூரியாவிலே தழைச்சத்து 46 பங்கு. ஆகவே ஒரு கிலோ தழைச்சத்து பத்தரை ரூபாய். பொட்டாஷிலே சாம்பல் சத்து 60 பங்கு. ஆகவே ஒரு கிலோ சாம்பல் சத்து ஏழரை ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. தழைச்சத்தைவிடச் சாம்பல் சத்து மலிவாக இருந்த காலம் அது.

2010இலே "சத்து அடிப்படை மான்யம்" என்ற திட்டம் வந்தது. பெயர் அழகான பெயர். செய்ததென்ன? மணிச்சத்துக்கும் சாம்பல் சத்துக்கும் கிலோவுக்கு இவ்வளவு என்று மான்யத்தைக் கட்டிவைத்துவிட்டு, விற்பனை விலையை அவிழ்த்துவிட்டார்கள். யூரியாவை மட்டும் திட்டத்துக்கு வெளியே நிறுத்தி, விலையைக் கையிலேயே பிடித்துக்கொண்டார்கள். யூரியா விலையைத் தொட்டால் வோட்டுப் பெட்டி பேசும் என்ற அச்சம் எல்லா ஆட்சிக்கும் உண்டு. திட்டத்தைக் கொண்டுவந்த ஆட்சிக்கும் இருந்தது, அடுத்து வந்த ஆட்சிக்கும் இருக்கிறது. பொட்டாஷ் நம் நாட்டுச் சுரங்கத்திலே கிடைப்பதல்ல. கனடா, ருஷ்யா, பெலாருஸ், ஜோர்டான் என்று கப்பலிலே வருவது. 2022இலே உக்ரைன் போர் மூண்டது. மூட்டை 1,700 ரூபாய்க்குத் தாவியது. பிறகு சற்று இறங்கியும் 1,500க்கு மேலேயே நின்றுவிட்டது.

இன்றைய கணக்கு என்ன? ஒரு கிலோ தழைச்சத்து 13 ரூபாய்க்குள். ஒரு கிலோ சாம்பல் சத்து 50 ரூபாய்க்கு மேலே! முன்பு மலிவாக இருந்தது இன்று நாலு மடங்கு. ஒரு ஏக்கர் கிழங்குக்கு வேண்டிய பொட்டாஷுக்கு முன்பு 361 ரூபாய் போதும்; இன்று 2,430 ரூபாயாவது வேண்டும். விதைக்கிழங்குக்கும் கூலிக்கும் கடன் வாங்கி நிற்கிறவன் எதைக் குறைப்பான்? பொட்டாஷைக் குறைப்பான். குறைத்ததை எதைக் கொண்டு ஈடுகட்டப் பார்ப்பான்? 266 ரூபாய் மூட்டையைக் கொண்டுதான். இதைப் பேராசை என்பவர்கள் ஒரு பருவம் அந்தக் கடன் சீட்டைத் தங்கள் பையிலே வைத்துக்கொண்டு பார்க்கட்டும்.

நாடு முழுவதும் இதே நிலைமைதான். தழை, மணி, சாம்பல் மூன்றும் நாலுக்கு இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்திலே இருப்பது நல்லதென்று நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். 2009-10இலே நாடு அதை நெருங்கி நின்றது. 2023-24இலே சாம்பல் ஒன்றுக்குத் தழை பத்தைத் தாண்டிவிட்டது. பதினான்கு ஆண்டுகளிலே கோடிக்கணக்கான உழவர்கள் ஒரே நேரத்திலே அறிவிழந்து போனார்களா, அல்லது விலை அவர்களை அங்கே தள்ளிற்றா?

அந்த மலிவு மூட்டையாவது கேட்டபோது கிடைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. 2025 ஆகஸ்டிலே தெலங்கானாவிலே யூரியாவுக்காக உழவர்கள் விடியுமுன்னே வரிசையிலே நின்றதை நாடு பார்த்தது. யூரியா செய்யும் எரிவாயுவிலே பெரும்பங்கு வெளிநாட்டிலிருந்து கப்பலிலே வருகிறது. நெய்வேலியிலே பழுப்பு நிலக்கரியிலிருந்தே யூரியா செய்த காலம் ஒன்று இருந்தது. அந்த ஆலையையும் மூடினார்கள். அது தனிக் கதை.

நோயின் மூலம் விலையிலே இருக்க, மருத்துவம் மட்டும் மூட்டையிலே நடக்கிறது. 2015இலே யூரியா முழுவதுக்கும் வேப்பெண்ணெய் பூசச் சொன்னார்கள். நல்ல காரியம்தான், சத்து மெதுவாக மாறும், ஒட்டுப்பலகை ஆலைக்குக் கள்ளத்தனமாகப் போவதும் கடினமாகும். 2018இலே 50 கிலோ மூட்டையை 45 கிலோவாகச் சுருக்கினார்கள். உழவன் கிலோவை எண்ணுவதில்லை, மூட்டையைத்தான் எண்ணுகிறான். மூட்டை சுருங்கினால் உரமும் சுருங்கும் என்பது அவர்கள் கண்ட தத்துவம்! அதன் பிறகு கந்தகம் பூசிய யூரியா வந்தது. அதே 266 ரூபாய் 50 காசு, மூட்டை மட்டும் 40 கிலோ.

2021இலே வந்தது நானோ யூரியா. அரை லிட்டர் புட்டி ஒரு மூட்டைக்கு ஈடு என்று விளம்பரம் செய்தார்கள். தொடக்கப் பள்ளிக் கணக்கு போதும் இதற்கு. அந்தப் புட்டியிலே தழைச்சத்து நூற்றுக்கு 4 பங்கு. ஆக, அரை லிட்டரிலே 20 கிராம். 45 கிலோ மூட்டையிலே 20 கிலோவுக்கு மேலே. ஆயிரத்திலே ஒரு பங்கு மூட்டைக்கு ஈடாவது எப்படி? பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெல்லிலும் கோதுமையிலும் சோதித்து, வழக்கமான உரத்திலே ஒரு பகுதியைக் குறைத்துப் புட்டியை நம்பினால் விளைச்சல் குறைகிறது என்று கண்டது. பின்னர் 20 பங்கு வீரியமுள்ள புட்டியும் வந்தது. அதிலும் அரை லிட்டருக்கு 100 கிராம்தான். இலை வழியாகச் சிறிது ஊட்டுவது துணைக்கு உதவலாம். மூட்டையின் நாற்காலியிலே புட்டியை உட்கார வைப்பது வேறு காரியம்.

"இரசாயன உரமே வேண்டாம்" என்று ஒரே மூச்சிலே சொல்லிவிடுபவர்களும் இருக்கிறார்கள். 2021 மே மாதத்திலே இலங்கை சர்க்கார் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. நவம்பரிலே தடையை விலக்கிக்கொண்டது. இடைப்பட்ட மாதங்களிலே நெல் உழவரும், நுவரெலியா மலையிலே உருளையும் காய்கறியும் பயிரிடுவோரும் பட்ட பாட்டை அந்நாட்டுத் தமிழ்த் தோழர்களைக் கேட்டால் சொல்வார்கள். தொழு உரம் மண்ணுக்கு உயிர். மலைமண்ணுக்கு இரட்டிப்பு உயிர். ஆனால் ஏக்கருக்கு 6 டன் தொழு உரத்தை மாடுகளை விற்றுவிட்ட ஊரிலே எங்கிருந்து கொண்டுவருவது என்று சொல்லிவிட்டுத்தான் தடையைப் பற்றிப் பேச வேண்டும்.

மலைக்கென்று ஒரு தனித் துன்பமும் உண்டு. உருளையின் வேர் ஆழம் போகாதது; போட்ட தழைச்சத்திலே பாதிக்கு மேலே அது எடுத்துக்கொண்டாலே பெரிது. மீதி மழையோடு போகிறது. சரிவிலே போட்ட உரத்தின் மேலே தென்மேற்குப் பருவமழை இறங்கினால், அது நைட்ரேட்டாகி ஓடைக்கும் ஊற்றுக்கும் போகிறது. குடிநீரிலே லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்டுக்கு மேலே கூடாதென்பது நம் நாட்டு வரம்பு. கைக்குழந்தைகளுக்கு அது மிகுந்தால் ஆபத்து. குன்னூர் ஆறு இறங்கிப் பவானியிலே கலக்கிறது. மலையிலே வீணான உரம் சமவெளியின் குடத்துக்கு வர நெடுந்தூரம் இல்லை. முழு அளவையும் ஒரே நாளிலே கொட்டாமல் பிரித்துப் போடச் சொல்வதற்குக் காரணம் இதுவுந்தான். பிரித்துப் போட்டால் கூலி இரண்டு தடவை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கூலியை யார் தருவது என்று எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் அச்சிடவில்லை.

இன்னொரு கேள்வி. இத்தனையும் பார்த்து, அளவோடு உரமிட்டு, முற்றிய கிழங்கைக் கொண்டுவந்தால் கூடுதல் விலை உண்டா? மேட்டுப்பாளையம் மண்டியிலே ஊட்டிக் கிழங்கென்றால் தனி மதிப்பு உண்டு என்பதை அங்கே மூட்டை சுமக்கும் தோழர்கள் அறிவார்கள். ஆனால் ஊட்டிக் கிழங்குக்குள்ளே நல்லது எது, நீர்த்தது எது என்று பிரித்து விலை வைப்பதில்லை. பருமனையும் மேல்தோலையும் பார்த்து 45 கிலோ மூட்டைக்கு விலை. உலர் பொருளை நிறுத்துப் பார்க்கும் சோதனையைச் சிப்ஸ் ஆலை தன் வாசலிலே செய்கிறது. உழவனுக்கும் உண்பவனுக்கும் நடுவிலே நிற்கும் மண்டியிலே அது இல்லை. எடைக்குத்தான் காசென்றால் நீரும் எடைதானே என்று உழவன் நினைப்பதிலே என்ன குற்றம்? கிடங்கிலே அழுகும்போது நட்டம் வியாபாரிக்கு. அவன் அதை விலையிலே ஏற்றி நம் தலையிலே வைக்கிறான்.

ஆகவே, கோரிக்கை மேடையிலே யூரியாவைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை. யூரியா விலையை ஏற்றித்தான் சமநிலை காண வேண்டுமென்று டில்லியிலே ஒரு கூட்டம் ஓதிக்கொண்டிருக்கிறது. ஏற்றினால் சிறு உழவன் சாவான். பொட்டாஷையும் மணிச்சத்தையும் 2010க்கு முன்பு இருந்ததுபோல் விலைக் கட்டுக்குள் கொண்டுவருவதுதான் முறை. அந்தப் பணம் எங்கே என்பார்கள். கரைந்து ஓடையிலே போகிற யூரியாவுக்குக் கொடுக்கும் மான்யத்திலே இருக்கிறது அந்தப் பணம். சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகிலிருந்து பொட்டாஷ் எடுப்பதற்கு 2021இலேயே மான்யத் திட்டத்திலே இடம் கொடுத்தாகிவிட்டது. தமிழ்நாட்டுச் சர்க்கரை ஆலைகளிலே அதை விரிவாக்குவது பற்றியும் கேட்க வேண்டும். மண்வள அட்டை 2015 முதல் கொடுக்கிறார்கள். அட்டையிலே எண் இருக்கிறது, அந்த எண்ணை மூட்டைக் கணக்காக மாற்றிச் சொல்ல ஊரிலே ஆள் வேண்டும். ஊட்டிக்கு அருகே முத்தோரையிலே மத்திய சர்க்காரின் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அங்கிருந்து அடுத்த சரிவிலுள்ள வயலுக்கு அறிவு போய்ச் சேர இத்தனை ஆண்டுகள் போதவில்லையா?

நீலகிரியிலே முக்கியப் பருவ நடவு ஏப்ரல், மே மாதங்களிலே. மலையிலுள்ள தோழர்கள் மார்ச்சு முடிவதற்குள் தத்தம் ஊர்க் கூட்டுறவுக் கிடங்குக்குச் சென்று, பொட்டாஷ் எத்தனை மூட்டை இருக்கிறது, என்ன விலை, யூரியா வாங்கினால் வேறு சரக்கையும் சேர்த்து வாங்கும்படி கட்டாயப்படுத்துகிறார்களா என்ற மூன்றையும் எழுதிக்கொண்டு வரவேண்டும். மாவட்ட ஆட்சியரின் குறைதீர்க் கூட்டத்திலே அந்தக் கணக்கோடு போய் நில்லுங்கள், டி.ஏ.பி.யை மறந்து யூரியாவைக் கொட்டும் பக்கத்து வயல்காரரிடம் அரை மூட்டைக் கணக்கையும் சொல்லுங்கள்.